வளையல் போட வரமாட்டேன்

விஜயா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வளவனூரிலிருந்து வரும் யாரைக் கேட்டாலும் உனக்குக் கன்னம் உப்பியிருக்கிறது, குடம் தூக்கினாலும் மூச்சு வாங்குவதில்லை என்கிறார்கள். அதனால் உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. என் சுகத்தை நீ விசாரிக்காததும் நியாயம்தான். போன வெள்ளிக்கிழமை உன் மாமியாரை வாசலில் நிறுத்திவைத்து நான் பேசிய பேச்சுக்கு, நீ எனக்குக் கடிதம் போட்டதே பெரிது. "நான் என்ன தப்பு செய்தேன் அம்மா?" என்று அதில் கேட்டிருக்கிறாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் உன்னைப் பிரசவத்துக்கு அழைத்துவரப் போவதில்லை. வளையல் போடவும் வரமாட்டேன். நீயாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் கதவைத் திறக்கமாட்டேன். இதை முதலில் நன்றாக மனத்தில் ஏற்றிக்கொள். அப்புறம் காரணத்தைப் படி.

அன்று நடந்ததை உன் மாமியார் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பார். நானே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம் என்று தட்டோடு வந்து இறங்கினார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "ஏழாம் மாசம் பொறந்துடுச்சி, நீங்க வளையல் போட வர்ற வழியக் காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நானே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சம்பந்தியம்மா" என்றார். எவ்வளவு நல்ல வார்த்தை பார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன், புடைத்துக்கொண்டே சொன்னேன்: "வளையலும் இல்ல, கிளையலும் இல்ல. பொண்ணக் குடுத்தாச்சி. பெத்துக்கறது உங்க பாடு. எங்க வூட்ல படுக்க வெக்க எடம் கெடையாது." விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். "தலப்பிரசவம் தாய் வூட்லதானேம்மா?" என்றார். "ஏன், உங்க வூட்ல கஞ்சி ஊத்த வக்கில்லாம எந்தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று கேட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினேன். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "ஒரு தாயார் வாயில வர்ற பேச்சா இது? இனிமே இந்த வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன், எம் மருமவளையும் மிதிக்க வுட மாட்டேன்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளுத்த புடவையின் தோளில் கரித்தூள் விழுந்திருந்தது. தட்டிவிடக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

உன் அக்கா சரோஜா பிரசவத்தில் போய்விட்டாள் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, பக்கத்து வீட்டில் சோறு போட்டார்கள், அவ்வளவுதான் உன் கணக்கு. பிரசவத்தில் போனாள் என்பது பொய்யில்லை. ஊரில் எத்தனையோ பெண்கள் அப்படிப் போகிறார்கள், யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நாங்களும் சொல்லவில்லை. உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னோம். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நம்முடையது மில் வீடு. உன் அப்பா நெல் மில்லில் பாய்லர்காரர் என்பதால் மில் சுவரை ஒட்டி முதலாளி கொடுத்த வீடு. வாடகை இல்லை என்று ஊரில் எல்லாருக்கும் நம்மேல் பொறாமை. தை பிறந்து அறுப்பு முடிந்து நெல் வண்டிகள் வரத் தொடங்கினால், பாய்லரில் உமியைப் போட்டு எரித்துக்கொண்டே இருப்பார்கள். மல்லாட்டை வரும் காலத்தில் அந்தக் கடலைத் தொலியையும் சேர்த்து எரிப்பார்கள். அந்தக் கரி நம் வீட்டின்மேல்தான் இறங்கும். உலையில் அரிசி போட்ட கையோடு மூடாவிட்டால் கஞ்சியில் கறுப்பாக மிதக்கும். வெளுத்த துணியை ஈரத்தோடு உள்ளே கொண்டுவந்து உலர்த்துவேன். கட்டிலில் படிந்த கரியில் நீ விரலால் அ, ஆ எழுதிப் பழகினாய், கெட்டிக்காரி என்று நானும் பூரித்துப் போனேன். காலையில் பல் துலக்கித் துப்பினால் எச்சில் கறுப்பாக இருக்கும். அதையெல்லாம் நாங்கள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மில் ஓடினால் சோறு, ஓடாவிட்டால் இல்லை, அதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சரோஜாவுக்கு ஏழெட்டு வயதில் மூச்சிழுப்பு வந்தது. மார்கழி, தை மாதங்களில் பனியோடு புகை கீழே இறங்கிக் கிடக்கும்போது உட்கார்ந்தபடியே தூங்குவாள். தூதுவளை, கற்பூரவல்லி, மந்திரித்த கயிறு எல்லாம் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் எரிகிற நெருப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தோம்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஓமந்தூர்ப் பக்கம். ஐப்பசி மழை. மில்லில் வேலை இல்லாமல் புகைபோக்கி ஓய்ந்து கிடந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. வேண்டுமென்றேதான் அந்த மாதத்தில் வரச் சொல்லியிருந்தேன். இந்த மில் வீட்டு வரிசையில் இருந்த எல்லாத் தாய்மாரும் அப்படித்தான், பெண் பார்க்கும் சடங்கை மழைக்காலத்தில் வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் தகப்பனார் காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லாக் காத்தோட்டமான எடத்துல கீறீங்க" என்றார். உள்ளே நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சரோஜாவும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய மூச்சு அன்றைக்குச் சுத்தமாக இருந்தது, பாட்டுகூடப் பாடினாள்.

கல்யாணமாகிப் போன சில மாதங்களில் அவளைப் பார்க்கப் போனேன். வயல்காட்டுக் கிணற்றிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்துகொண்டு எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்காமலே ஓடிவந்தாள். ஓடிவந்தாள், விஜயா. நம் வீட்டில் பத்தடி வேகமாக நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறவள். தழைந்த குரலில் பேசியே பழகியவள், அங்கே மாட்டை விரட்டச் சத்தம் போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் ஆனால் பெண்களுக்கு உடம்பு தேறும் என்று மற்றவர்கள் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கே இருமல் வந்தது. அப்போதுகூட என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் தையில் விழுந்தது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அண்டாக்களில் கட்டி, கண்ணாடி வளையல் அடுக்கி, மேளக்காரரோடு போனோம். வளையல் போட்டு முடித்து, அழைத்துக்கொண்டு புறப்படும்போது அவள் என்னைத் தனியாக இழுத்துப்போய், "அம்மா, நான் இங்கியே பெத்துக்கறேனே. அங்க வந்தா எனக்கு மூச்சு புடிச்சிக்கும். அத்தையும் பாத்துக்கறேன்னுதான் சொல்றாங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊரு சிரிக்கும்டி. தலப்புள்ளைய மாமியா வூட்ல பெத்தா, பொறந்த வூட்ல நாதியத்தவன்னு பேசுவாங்க. அழாம வண்டில ஏறு" என்றேன். கையைப் பிடித்து ஏற்றினேன். வளையல் இரண்டு உடைந்தது. சகுனம் என்று அதற்கு மட்டும் பயந்தேன்.

வந்த மூன்றாம் நாளே இழுப்பு திரும்பியது. இந்தத் தடவை வயிறும் சேர்ந்து முட்டியது. மாசியில் ஒருநாள் காலையில், மாதம் நிறைவதற்கு முன்பே வலி கண்டது. பனி விலகவில்லை, புகை ஓட்டுக்கு மேலேயே படுத்துக்கிடந்தது. மருத்துவச்சி வந்து பார்த்தாள். "முக்குடி" என்கிறாள், இவளுக்கு முக்க மூச்சு இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். நெஞ்சுக்குழி உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. மருத்துவச்சி கையை உதறிவிட்டு, "இந்தப் பொகைய நிறுத்தச் சொல்லுங்கம்மா மொதல்ல" என்றாள். அதுவரை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் தலைவிரிகோலமாக மில்லுக்கு ஓடினேன்.

களத்தில் அவித்த நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்தேன். இன்று ஒருநாள் பாய்லரை அணைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்றுதான் பேசினார். "தொட்டியில நெல்லு ஊறிக்கினு கீதும்மா. இன்னிக்கி அவிக்கலன்னா புளிச்சி நாறிடும். அத்தினி மூட்டைக்கும் யாரு பதில் சொல்றது? லாரியத் தர்றேன், ஜல்தியா விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார். நான் உன் அப்பாவிடம் ஓடினேன். அவர் கூடையில் உமியோடு பாய்லர் வாயில் நின்றிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து வருகிற சத்தம் அவருக்கும் கேட்டது, சுவர்தானே நடுவில். "அணைங்க, உங்க பொண்ணு சாவறா" என்று கத்தினேன். கூடையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "நான் எறங்கிட்டா இன்னொருத்தன் ஏறுவான். நெருப்பு நிக்காது, வூடுதான் போய்டும்" என்றார். பிறகு கூடையை எடுத்து உமியை உள்ளே கொட்டினார். உன் அப்பாவை நல்லவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நல்லவர்தான். குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். அந்த நல்லவர் கொட்டிய உமியின் புகைதான் உன் அக்காவின் மூக்கில் ஏறியது. அன்றிலிருந்து அவரை வெறுக்கிறேன். அவருக்குச் சோறு போடுகிறேன், வெந்நீர் வைக்கிறேன், வெறுக்கவும் செய்கிறேன்.

லாரியில் காலி மூட்டைகளைப் பரப்பி அவளைச் சாய்த்துக்கொண்டேன். ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்ததும் அந்தப் புகையில்தான். ஊரைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் அவளுடைய மார்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. என் மடியில் தலையைத் தூக்கி, "அம்மா, மூச்சு வருதும்மா" என்றாள். முகத்தில் அத்தனை ஆச்சரியம். எனக்கும் உயிர் வந்தது. ஆனால் காலையிலிருந்து மூச்சுக்காகப் போராடியே உடம்பில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. அவள் அதைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாள் என்னைக் கூப்பிட்டு, இருதயம் தாங்கவில்லை என்றார். வேறு என்னவோவும் சொன்னார், காதில் விழவில்லை.

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். அவளுடைய மாமியார் என்னிடம் சண்டை போடவில்லை. "நல்லாத்தானே அனுப்பி வெச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள், பிணத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். காரியம் அங்கேயே நடந்தது. அந்தப் பிள்ளையை இன்றுவரை இந்த ஊர்ப் பக்கம் அனுப்பவில்லை. ஒரு தடவை நான் போனபோதும் காட்டவில்லை. அவர்கள் செய்தது சரி. அன்று நான் அதே லாரியில் திரும்பினேன். லாரி சும்மா போகக்கூடாது என்று டிரைவர் விழுப்புரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலை மில் சங்கு ஊதியது, உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கும் இழுப்பு உண்டு. மறந்துவிட்டாயா? அக்கா அளவுக்கு இல்லை, ஆனால் பரீட்சை நேரத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன்னையும் மழைக்காலத்தில்தான் காட்டினேன். தரகர், "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டதற்கு, "கல்லு மாதிரி கீறா" என்றேன். வளவனூர் போனபிறகு உனக்கு அது வரவே இல்லை. நீயே மறந்துபோகும் அளவுக்கு வரவில்லை. நீ இங்கே வந்தால் உன் மாசமும் மில் ஓடுகிற மாசமும் ஒன்றாகத்தான் விழும். மில்லில் இப்போது இரண்டாவது பாய்லரும் வைத்துவிட்டார்கள். ஊரில் பெரிய மில் என்று பெருமை. வேறு தெருவில் வீடு பார்த்துப் பெற்றுக்கொள்கிறேன் என்பாய். காற்று திரும்பினால் எந்தத் தெருவையும் விடாது. உன் அப்பாவும், "பொண்ணு வந்து பெத்துக்கினு போவட்டுமே, நான் மொதலாளிகிட்டச் சொல்லிப் பாக்கறேன்" என்றார். "அன்னிக்கிச் சொல்லிக் கிழிச்சது போதும்" என்றேன்.

உண்மையைச் சம்பந்தியிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் என்ன ஆகும்? இழுப்புக்காரியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று உன்னைப் பார்ப்பார்கள். அடுப்படியில் நீ ஒரு தும்மல் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பிறக்கிற பிள்ளையின் மூச்சை எண்ணுவார்கள். உன் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கும். அதைவிட, இவளுடைய தாய் ஒரு ராட்சசி, பெற்ற பெண்ணைக் கைவிட்டவள் என்று பேசட்டும். பாவம் நல்ல பெண், அவளுக்கு இப்படி ஒரு தாய் என்று உன்மேல் இரக்கப்படுவார்கள். இரக்கப்படுகிறவர்கள் பிரசவத்தை ஒழுங்காகப் பார்ப்பார்கள். உன் மாமியார் ரோஷக்காரி. எனக்குச் செய்துகாட்ட வேண்டும் என்றே உன்னைத் தாங்குவார். நான் நல்லபடியாகப் பேசியிருந்தால் அந்த அம்மாள் என்னைச் சமாதானம் செய்து உன்னை அனுப்பிவைத்திருப்பார், எனக்கும் மனம் இளகியிருக்கும். நீ வாசலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் நான் மறுக்கிறவள் இல்லை. என்னை எனக்கே தெரியும்.

இனி நீ செய்ய வேண்டியது. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மாமியார் என்னைத் திட்டினால் அழாதே, கூடச் சேர்ந்து நீயும் திட்டு. முதலில் வாய் வராது, பழகினால் வரும். அங்கே கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சுகிற காலத்தில் ஆலைக் கொட்டகைப் பக்கம் போகாதே, வெல்லப்பாகுக்கு ஆசைப்பட்டு நிற்காதே. ஈர விறகை அடுப்பில் வைக்காதே. வலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று உன் புருஷனிடம் இப்போதே சொல்லிவை. பிரசவத்தின்போது அம்மா என்று கத்துவாய், எல்லாப் பெண்களும் கத்துவார்கள். கத்து. நான் வரமாட்டேன். பிறந்தது என்ன பிள்ளை என்று யாரிடமாவது சொல்லியனுப்பு, பேர் வைக்க என்னைக் கேட்காதே. வளையலை உன் நாத்தனாரைப் போடச் சொல். யாராவது ஒருத்தி போட்டால் சரி.

எனக்கும் இப்போது இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் கடிதத்தையே நிறுத்தி நிறுத்தித்தான் எழுதினேன். அதிக நாள் ஓடாது. ஒருநாள் உனக்குத் தந்தி வரும். வருவதானால் நீ மட்டும் வா. எடுக்கும்வரை காத்திருக்காதே, முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே புறப்படு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. பாட்டிக்குக் கடைசியாகப் பேரப்பிள்ளை நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டும், அது முறை என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. அந்த நேரத்தில் உனக்கு மனம் இளகும். உன் மாமியார் அந்தக் கோபத்தோடு இருக்கிறவரை, இந்த வீட்டு வாசலுக்குப் பிள்ளையை அனுப்பமாட்டார். அந்தக் கோபம் மட்டும் ஆறாமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா